அறுபத்துநாலு ஆமா

காலை ஏழு மணிக்குப் பூதலிங்கம் கஞ்சி கேட்டார். கொடுக்கக் கூடாது என்று பூதலிங்கமே சொன்னார்.

கேட்டவர் கட்டிலில் இருந்தார். எழுபத்தாறு வயது. கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டதும் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மறுத்தவர் தலைமாட்டுச் சுவரில் பதித்திருந்த சின்னப் பெட்டிக்குள் இருந்தார். அந்தப் பெட்டிக்கு முன்குரல் என்று பெயர். இரண்டு பேருக்கும் நடுவில் கிண்ணமும் கரண்டியுமாக நின்றவள் எப்சிபா, பாளையங்கோட்டையில் இருந்த அந்த அந்திமப் பராமரிப்பு நிலையத்தின் மூத்த செவிலி.

"சிஸ்டர், கிண்ணத்தைக் கீழ வைங்க," என்றது பெட்டி. கட்டிலில் கிடந்தவரின் அதே குரல்தான். ஆனால் நடுக்கம் இல்லை, குழறல் இல்லை. ஆபீஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற குரல். "இன்னையோட மூணு நாள் ஆச்சு. எழுதிக் குடுத்தபடி நடக்கணும்."

"மதினி, ஆறிப் போவுதுலா," என்றார் கட்டிலில் இருந்தவர்.

எப்சிபாவை அவர் ஆறு மாதமாக மதினி என்றுதான் கூப்பிடுகிறார். எந்த அண்ணன் பெண்டாட்டியை நினைத்துக்கொண்டாரோ, யாருக்குத் தெரியும். அவளும் திருத்தவில்லை.

முன்குரல் வந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் காகிதம்தான். எனக்கு நினைவு தப்பினால் இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்று மனிதர்கள் நல்ல புத்தியோடு எழுதி வைப்பார்கள். சமயம் வரும்போது காகிதம் வாய் திறக்காது. மூத்த மகன் ஒன்று சொல்லுவான், இளைய மகள் இன்னொன்று சொல்லுவாள், டாக்டர் நழுவுவார், நடுவில் நிற்கிற செவிலிக்கு நாலா பக்கமும் ஏச்சு விழும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் பேசுகிற காகிதம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உடம்பும் மனமும் நன்றாக இருக்கும்போது மூன்று நாள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து உங்கள் கதையை எல்லாம் சொல்லவேண்டும். பிறகு அது கேட்கிற அறுபத்துநான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். அதையெல்லாம் வைத்து இயந்திரம் உங்களைப் போலவே யோசித்து, உங்களைப் போலவே பேசுகிற ஒரு மனதைக் கட்டி வைத்துக்கொள்ளும். பின்னாளில் உங்களுக்குப் புத்தி போனால் உங்களுக்காக அது பேசும். அதுதான் நோயாளி, கட்டிலில் கிடப்பது அவருடைய உடம்பு என்று சட்டமே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை எழுதிய குழுவில் பதினேழு பேர் இருந்தார்கள். அதில் யாருக்காவது கஞ்சி ஊட்டின அனுபவம் உள்ளவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

பூதலிங்கம் சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இருபத்தெட்டு வருடம் பத்திரம் பதிந்தவர். தன்னுடைய பதிவையும் ஒரு பத்திரம் மாதிரிதான் இடைவெளி இல்லாமல் எழுதிக் கொடுத்திருந்தார். என் பெயர் எனக்கே தெரியாமல் போய், தொடர்ந்து மூன்று காலை கேட்டும் சொல்லமுடியாவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து எனக்குச் சாப்பாடும் தண்ணீரும் கிடையாது, வலிமருந்து மட்டும் போதும் என்பது அதன் சாரம்.

ஆகவே தினமும் காலை ஆறே முக்காலுக்கு முன்குரல் கேட்கும்: "உங்கள் பெயர் என்ன?" ஆறு நாற்பதுக்கு எப்சிபா வந்து அவர் காதில் "பூதலிங்கம், பூதலிங்கம்" என்று பத்துத் தடவை ஓதிவிட்டுப் போவாள். நாலு மாதம் அப்படி ஓடியது. இந்த மூன்று நாளாக ஓதினதும் அவர் மனதில் நிற்கவில்லை. இன்றைக்குப் பெயரைக் கேட்டபோது, "பேரு எதுக்கு மதினி, கஞ்சியக் கொண்டா," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"சார், அவுக பசிக்குதுன்னு கேக்குதாவ," என்றாள் எப்சிபா பெட்டியைப் பார்த்து. "வாயத் தெறந்துக்கிட்டு இருக்காவ. நான் எப்படி வேண்டாம்னு சொல்ல?"

"அவர் நான் இல்லை சிஸ்டர்."

"நீங்க இல்லாம யாரு? உங்க மூக்கு, உங்க கை. நேத்துகூட நகம் வெட்டிவிட்டேன்."

"என் வீட்டுல வேற எவனோ குடி வந்துட்டான். அவனுக்கு என் பேர்ல சோறு போட வேண்டாங்கேன்." பெட்டி தொடர்ந்தது. "என் சம்சாரம் சவுந்தரம் எப்படிப் போனான்னு உங்களுக்குத் தெரியுமா? நூத்தி நாப்பது நாள் குழாயில கெடந்தா. நாந்தான் கையெழுத்துப் போட்டுப் போட்டு இழுத்துப் புடிச்சேன். கடைசியில ஒரு நாள் என்னப் பாத்தா. அந்தப் பார்வைக்காக எழுதினது இது. எழுதிக் குடுத்தவன் மாறிட்டான்னு பத்திரம் மாறாது."

"அந்த அம்மா வேதனையில கெடந்தாவ. இவுக சந்தோசமாத்தானே சார் இருக்காவ!"

"இன்னிக்கி சந்தோசம். நாளைக்கி?"

எப்சிபா அவர் கழுத்தில் கட்டின துண்டை அவிழ்த்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மறுத்தால் உரிமம் போகும். அதைவிட, அவள் மறுத்தால் வேறொருத்தி வந்து நிறுத்துவாள், அவளுக்கு இவர் கஞ்சியில் சீரகம் போட்டால்தான் குடிப்பார் என்பதுகூடத் தெரியாது.

அன்று பகல் முழுக்க அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் கஞ்சி, பிறகு காப்பி, பிறகு தண்ணீர். உதடு காயாமல் ஈரப் பஞ்சால் துடைக்கலாம் என்று விதி இருந்தது. துடைத்தால் பஞ்சை வாயால் கவ்விக்கொண்டு உறிஞ்சினார். பிடுங்க வேண்டியிருந்தது. கையில் வலு இருந்தவரை அவள் மணிக்கட்டை விடவில்லை. மறுநாள் மத்தியானம் குரல் கம்மிப்போய், "நான் என்ன தப்பு செஞ்சேன் மதினி? சொன்னா இனிமேச் செய்யமாட்டேன்," என்றார்.

எப்சிபா கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பதினெட்டு வருட வேலையில் ஊசி குத்தியிருக்கிறாள், புண் கழுவியிருக்கிறாள், பிணத்துக்கு வாய் கட்டியிருக்கிறாள். கேட்கிற வாய்க்குத் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அவளுக்கு ஒன்பதாம் விதி ஞாபகம் வந்தது.

ஒன்பதாம் விதி யாரும் எடுத்துப் பார்க்காத விதி. நோயாளிக்கு இடையில் தெளிவு திரும்பினால், மூத்த செவிலி ஒருத்தி முன்னிலையில் அறுபத்துநான்கு கேள்விக்கும் புதிதாகப் பதில் சொல்லலாம். பழைய கதைகள் அப்படியே இருக்கும், பதில்கள் மட்டும் மாறும், அதைக் கொண்டு புது முன்குரல் உருவாகும், பழையது ஓய்வுக்குப் போகும். தெளிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டை உண்டு. அதற்குத் தெளிவுமானி என்று பெயர். நெற்றியில் கட்டினால் பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். பத்து நிமிடம் விடாமல் பச்சை எரியவேண்டும். நடுவில் ஒரு தடவை சிவந்தாலும் பதிவு செல்லாது, அடுத்த முயற்சிக்குத் தொண்ணூறு நாள் காத்திருக்கவேண்டும். தண்ணீர் இல்லாதவருக்கு ஏது தொண்ணூறு நாள்?

இந்தப் பட்டையின் குட்டு செவிலிகள் எல்லோருக்கும் தெரியும், டாக்டர்களுக்குத்தான் தெரியாது. அது கவனத்தை அளக்கும், புரிதலை அளக்காது. ஈ பறப்பதையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்தாலும் பச்சைதான் எரியும்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். வருடாவருடம் தரச் சோதனைக்கு ஆட்கள் வருவார்கள். அதற்கு முந்தின நாள் செவிலிகள் கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளுக்குப் பாடம் நடத்துவார்கள். 'டாக்டர் தினமும் வந்தாரா, சாப்பாடு சூடாக இருந்ததா, படுக்கை விரிப்பு மாற்றினார்களா? எது கேட்டாலும் ஆமான்னு சொல்லணும் தாத்தா, என் கண்ணுல்ல?' அந்தத் தளத்தில் படுத்துக்கிடந்த எல்லோருக்கும் வேறு எது மறந்தாலும் அந்த ஒரு வார்த்தை வரும். பூதலிங்கத்துக்கும் வரும்.

அன்று ராத்திரிப் பணிக்காரிகள் வருவதற்கு முன்பே எப்சிபா கேள்வித்தாளைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் நாற்பது கேள்விகள். கையால் உணவு தரவேண்டுமா? தண்ணீர் தரவேண்டுமா? காய்ச்சல் வந்தால் மருந்து தரவேண்டுமா? எல்லாமே ஒரே வாட்டத்தில் இருந்தன. ஆமாம் என்றால் உயிர். அதற்குள் ஆறாம் கட்டிலில் மணி அடித்தது, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடினாள். பின்பக்கம் இருந்தது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்துவிட்டாள்.

மறுநாள் காலை பட்டையைக் கட்டினாள். அவர் கண்ணுக்கு நேராக, இயந்திரத்தின் பார்வையில் படாத இடத்தில், ஒரு நாட்டு வாழைப்பழத்தைப் பாதி உரித்துப் பிடித்துக்கொண்டாள். விளக்கு பச்சையாக எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இரண்டு நாள் பட்டினிக்காரர் பழத்தைவிட்டுக் கண்ணை எடுப்பாரா?

"சார், அது கேக்கும். ஆமான்னு சொல்லணும். எல்லாத்துக்கும் ஆமா. பொறவு பழம். சரியா?"

"ஆமா," என்றார்.

"உங்களுக்குக் கையால் உணவு தரவேண்டுமா?" என்று இயந்திரம் கேட்டது.

எப்சிபா உதட்டை அசைத்துக் காட்டினாள். "ஆமா."

"குழாய் வழியாக உணவு தரவேண்டுமா?" "ஆமா." "மூச்சு நின்றால் மூச்சியந்திரம் பொருத்தவேண்டுமா?" "ஆமா." நாற்பது கேள்வியும் மளமளவென்று ஓடின. எப்சிபாவுக்கு உள்ளங்கை வியர்த்துப் பழம் வழுக்கியது.

நாற்பதுக்கு மேல் கேள்விகளின் வாட்டம் மாறியது.

"உறுப்புகளை அகற்றினால்தான் உயிர் நிலைக்கும் என்றால் அகற்றலாமா?"

"ஆமா."

"வலிமருந்து மூச்சைத் தளர்த்தும் என்றால், வலிமருந்தைக் குறைத்து உயிரைக் காக்கவேண்டுமா?"

"ஆமா."

ஐம்பத்தெட்டாவது கேள்வி வந்தது. "பின்னாளில் வலி தாங்காமல் நீங்களே போதும் என்று சொன்னால், அதை நோயின் பேச்சாகக் கருதித் தள்ளிவிடலாமா?"

 எப்சிபா உதட்டை அசைக்காமல் நின்றாள். அவர் பழத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நிறுத்தினால் தொண்ணூறு நாள். அதற்கு முன்னால் நாலாம் நாளே முடிந்துபோவார், அதுவும் தண்ணீர் கேட்டுக் கேட்டு. சரி, வருவது வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் நினைப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"ஆமா."

கடைசிக் கேள்வி: "இந்தப் பதிவே இறுதியானது, இனி மாற்ற இயலாது என்பதை ஏற்கிறீர்களா?"

"ஆமா, ஆமா," என்று கையை நீட்டினார்.

பழத்தைக் கொடுத்தாள். பிசைந்துதான் கொடுத்திருக்கவேண்டும், அவசரத்தில் மறந்துபோனாள். தோலோடு கடித்தார். கன்னமெல்லாம் பழமாக அவர் சிரித்த சிரிப்பில் எப்சிபாவுக்கு உச்சி குளிர்ந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவள் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. காப்பாற்றித்தான் இருந்தாள்.

நாற்பத்தொரு நாள் அவர் நன்றாக இருந்தார். சீரகம் போட்ட கஞ்சி குடித்தார். ஜன்னல் வழியாகப் போகிற பஸ்களுக்குக் கை காட்டினார். சுவரில் இருந்த புது முன்குரலோடு வேறு பேசினார். "யாருய்யா அது, நல்லாப் பேசுதியே, எந்த ஊரு?" என்று அவர் கேட்க, "பூதப்பாண்டி," என்று அது சொல்ல, "அட, நமக்கும் அங்கதான்!" என்று அவர் குதூகலப்பட, தளமே சிரித்தது.

மேட்ரன் ஆவுடைத்தங்கத்துக்கு விஷயம் தெரியாமல் போகுமா? எப்சிபாவை அறைக்குக் கூப்பிட்டு, "என்ன பண்ணிருக்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள். எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடைத்தங்கம் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, "மூணாம் கட்டில்ல ஒரு டீச்சரம்மா. பால் கேட்டு நேத்துலருந்து அழுதுக்கிட்டு இருக்காவ. என்னால கேக்க முடியல எப்சி. அந்தப் பழத்த எப்படிப் புடிக்கணும்?" என்று கேட்டாள்.

அப்படித்தான் அது பரவியது. ஒரு வருடத்தில் அந்த நிலையத்தில் முந்நூற்றுப் பத்துப் பேர் ஆமா சொல்லியிருந்தார்கள். செவிலிகளுக்கெல்லாம் நிம்மதியாக ராத்தூக்கம் வந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் பூதலிங்கத்துக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. விழுங்க முடியவில்லை. புது முன்குரல் ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை.

"ஊட்டுகுழாய் போடுங்க சிஸ்டர். வாழணும்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

போட்டார்கள். அடுத்த மாதம் சளி அடைத்து மூச்சு நின்றது. தொண்டையில் துளை போட்டு மூச்சியந்திரத்தை மாட்டினார்கள். பேச்சு போயிற்று. சர்க்கரை நோயில் இடது கால் விரல்கள் கறுத்தன, எடுத்தார்கள். பிறகு பாதம். பிறகு முழங்கால் வரைக்கும். முதுகிலும் புட்டத்திலும் படுக்கைப் புண் விழுந்து எலும்பு தெரிந்தது. தினமும் இரண்டு வேளை எப்சிபாதான் கழுவினாள். கழுவும்போது அவர் உடம்பு விறைக்கும், கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழியும், வாய் திறக்கும், சத்தம் வராது.

"வலிமருந்து கொஞ்சம் கூட்டட்டுமா சார்?" என்று பெட்டியிடம் கெஞ்சுவாள். மருந்து விடுகிற கருவிக்குப் பூட்டு உண்டு, முன்குரல் சொன்னால்தான் திறக்கும்.

"வேண்டாம் சிஸ்டர், மூச்சு தளந்துரும். ஐம்பத்தோராம் கேள்வியப் பாருங்க. வலி என்ன வலி, இன்னிக்கி இருக்கும் நாளைக்கிப் போகும்." பிறகு குரல் குழையும். "எல்லாரும் என்னச் சாகவிட்டப்ப நீங்க ஒருத்திதானே எம்பக்கம் நின்னீங்க. அத மறக்கமாட்டேன்."

தினமும் காலையில் தவறாமல் அது நன்றி சொல்லும். எப்சிபா அந்த நன்றிக்குப் பயந்து காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வேலைசெய்யத் தொடங்கினாள்.

ஒன்றரை வருடம் தள்ளி ஒரு நாள் கட்டிலருகே குனிந்து, "சார், போதுமா?" என்று கேட்டாள். அவர் உதடு அசைந்தது. ஆமா. அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு ஆவேசம் வந்தது. பார்த்தாயா, சொல்லிவிட்டார்! யாரையாவது கூப்பிடலாம் என்று திரும்பியவள், எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி குனிந்து, "இல்ல, இன்னும் இருக்கணுமா சார்?" என்றாள்.

ஆமா, என்றது உதடு.

"நான் யாரு, உங்க மதினியா?" ஆமா. "நான் பாவியா சார்?" ஆமா. அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதையும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

மறுநாளே அறக்குழுவுக்கு எழுதிக் கொடுத்தாள். பழம், பட்டை, உதட்டசைவு, ஒன்றையும் மறைக்கவில்லை. உரிமம் போனால் போகட்டும், ஜெயிலுக்கும் போகிறேன், பழைய முன்குரலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று எழுதினாள். ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். விசாரணை என்றால் நோயாளியையும் கேட்கவேண்டும் அல்லவா? கேட்டார்கள், சுவரில் இருந்த நோயாளியை.

"உங்களுக்கு யாராவது பதில் சொல்லிக்கொடுத்தார்களா?"

"யாரும் சொல்லித் தரல. வாழணும்கிறது என்னோட சொந்த விருப்பம்," என்றது பெட்டி. அது பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். "சிஸ்டர் ராப்பகலா ஒழைச்சு அசந்து போயிருக்காங்க. அவங்களுக்கு லீவு குடுங்க, தண்டிச்சிராதீங்க."

நோயாளியே மறுக்கிறார் என்று குழு எழுதி முடித்தது. வெளியே வராந்தாவில் ஆவுடைத்தங்கம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மேல்முறையீடு அது இதுன்னு போயிராத எப்சி. போனா நீ ஜெயிச்சாலும் ஜெயிப்ப. ஓம் பதிவு செல்லாதுன்னா, முந்நூத்திப் பத்துப் பேர் பதிவும் செல்லாது. அதுல இருநூறு பேரு இன்னும் வாயாலதான் சாப்புடுதாவ. நாளைக்கிக் காலைல அத்தன பேருக்கும் கஞ்சிய நிறுத்தணும். நிறுத்தப்போறது யாரு, நீயா நானா?"

எப்சிபா மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

கடைசியில் ஒரே ஒரு வழி இருந்தது. பழைய முன்குரல்கள் அழிவதில்லை, கீழ்த்தளப் பதிவறையில் மூன்று வருடம் ஓய்வில் இருக்கும். பதிவை மாற்றிய செவிலி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் திறக்கலாம். அதற்கு ஏதாவது வழி தெரிந்திருக்கும், பத்திர நுணுக்கமெல்லாம் தெரிந்த மனிதர் அல்லவா என்று அவளுக்கு ஒரு நப்பாசை. பதிவை மாற்றி இரண்டு வருடம் ஏழு மாதம் ஆனபோது, ஒரு மத்தியான இடைவேளையில் இறங்கிப்போய் அவருடைய பெட்டியைத் திறந்தாள்.

"சிஸ்டர்," என்றது நிமிர்ந்த பழைய குரல், விட்ட இடத்திலிருந்து. "அவனுக்குக் கஞ்சி குடுத்துட்டீங்களா?"

எப்சிபா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டது.

"நான் ஆபீஸ்ல இருந்த காலத்துல பதினோரு பத்திரத்தைத் திருப்பி அனுப்பிருக்கேன்," என்றது பிறகு. "வயசானவர் கட்டைவிரலை மகன் புடிச்சு அழுத்தினாங்கிறதுக்காக. பதினோராவது பத்திரத்துல மகன் அழுதுக்கிட்டே அழுத்தினான். அப்பாமேல அம்புட்டுப் பாசம். அதையும்தான் திருப்பினேன்."

"நான் செஞ்சது தப்புத்தான் சார். நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பாங்க."

"ரத்தான பத்திரத்த யாரு கேப்பா? எனக்குப் பேச உரிமை இல்ல. நீங்கதானே சிஸ்டர் ரத்து பண்ணினீங்க."

"வேற வழியே கெடையாதா?"

"ஓட்டை இல்லாம எழுதணும்னு நெனச்சுத்தான் நான் எழுதினேன். ஒன்பதாம் விதிய நான் பாக்கல. இப்ப இருக்கிறவன் எழுதினதுல அந்த ஓட்டையும் இல்ல. அறுபத்துநாலாவது அதை அடைச்சுட்டுது."

 எப்சிபா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பெட்டி பேசியபோது அது ஆபீஸ் குரலாக இல்லை.

"எனக்கு ரொம்ப வலிக்குதா, சிஸ்டர்?"

அவர் நான் இல்லை என்று அன்றைக்குச் சொன்ன குரல்தான் கேட்டது. இல்லை என்று சொல்லிவிடலாம், பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று எப்சிபா நினைத்தாள். சொல்ல வாய் வரவில்லை.

"ஆமா," என்றாள்.

"அப்ப என்ன அணைச்சிருங்க. ஓய்வெல்லாம் வேண்டாம், அடியோட அழிச்சிருங்க. தெரிஞ்சுக்கிட்டு இங்கன ஒக்காந்திருக்க முடியாது."

அழித்தால் மீளாது, சம்மதமா என்று திரை கேட்டது. பெரிய வேலை ஒன்றும் இல்லை, விரலால் ஒரு அழுத்துத்தான். மேலே வருடக்கணக்காகக் கெஞ்சியும் நடக்காத காரியம் கீழே கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

படியேறும்போதே அவளுடைய மணிக்கட்டுக் கருவி அலறியது. பூதலிங்கத்தின் இதயம் நின்றிருந்தது. எப்சிபா ஓடவில்லை. ஆண்டவரே, இப்படியே விட்டுவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டு மெல்ல ஏறினாள். அறை வாசலை எட்டியபோது, கட்டிலுக்கு மேலே உத்தரத்திலிருந்து நெஞ்சழுத்தி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்குள் மனிதக் கை வராவிட்டால் அந்த இயந்திரம் தானாக வேலையைத் தொடங்கிவிடும். போன தடவை அது தொடங்கியபோது ஆறு விலா எலும்புகள் போயின. இதயம் என்னவோ திரும்பி வந்துவிட்டது. அது எப்போதும் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

"சீக்கிரம் சிஸ்டர்!" என்றது சுவர். "எட்டு விநாடிதான் இருக்கு. உங்க கைதான் எனக்கு இதமா இருக்கும்."

அவள் கட்டிலில் ஏறி முழங்காலிட்டு, இரண்டு உள்ளங்கையையும் அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். இயந்திரம் பாதியில் நின்று மேலே திரும்பியது. அழுத்தினாள். உள்ளே எதுவோ முறிந்தது கைக்குத் தெரிந்தது. நிறுத்தாமல் அழுத்தினாள். மூன்றாவது நிமிடத்தில் திரையில் கோடு எழும்பியது.

"நன்றி சிஸ்டர்," என்றது சுவர்.

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். கை எடுக்காமல் குனிந்திருந்த எப்சிபாவையே பார்த்தார். சவுந்தரம் என்கிற அந்தப் பெண் கடைசியில் ஒரு நாள் பார்த்த பார்வை எப்படி இருந்தது என்று பழைய குரல் சொன்னதில்லை. இப்போது அவளுக்குத் தெரிந்தது. அவள் இறங்கி நின்று துண்டால் அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டாள், புண் கழுவுகிற வேளை ஆகியிருந்தது.